மழையின் அடி

வெள்ளையடித்த சுவரை ஒட்டி வெறும் மண் கிடக்கும் வீடுகளில், கனமழை விட்ட மறுநாள் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். கணுக்கால் உயரம் வரை அடர்த்தியாகவும், முழங்கால் உயரத்துக்குப் போகப் போகப் புள்ளி புள்ளியாகவும் ஒரு செம்மண் பட்டை தெரியும். அந்த மண் அங்கே எப்படி ஏறியது? ஓடும் தண்ணீர் பள்ளம் நோக்கித்தான் ஓடும், சுவர் ஏறாது. மேலிருந்து விழுந்த துளி தரையை அடித்தது. அந்த அடியில் தெறித்த துகள்கள்தான் சுவரில் ஒட்டிக்கொண்டன. மண் அரிப்பு என்றதும் கலங்கிய ஓடையும் இடிந்த கரையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் பிறகு நடப்பவை. முதலில் நடப்பது அந்தச் சுவரில் எழுதியிருக்கிறது. தூறல், சாரல், அடைமழை, கொட்டும் மழை என்று நம் பேச்சு மழையை அதன் வேகம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறது. மழைமானியோ எல்லாவற்றையும் ஒரே குடுவையில் ஊற்றி, இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுகிறது. பயிருக்கும் ஏரிக்கும் அந்தக் கணக்கு போதும். மண்ணுக்குப் போதாது. மண்ணைப் பொறுத்தவரை மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்படி அடித்தது என்பதே பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடிவரும் நாடு சுவிட்சர்லாந்து. கருவி, வரைபடம், சட்டம், வயல் என்று நான்கிலும் அங்கே தடயம் இருக்கிறது.

ஒரு மழைத்துளியின் அடி எவ்வளவு? விழும் பொருளின் ஆற்றல், அதன் எடையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு துளி, காற்றின் தடையால் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. 5 மில்லிமீட்டர் துளி வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. விட்டம் ஐந்து மடங்கு என்றால் எடை 125 மடங்கு. வேகத்தின் இருமடி இன்னொரு ஐந்து மடங்கு. ஆகவே ஒரு பெருந்துளியின் அடி ஒரு சிறுதுளியின் அடியைப் போல 600 மடங்குக்கும் அதிகம். மேகம் எந்த அளவுத் துளிகளை அனுப்புகிறது என்று தெரியாமல் மழையின் ஆற்றலைச் சொல்ல முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். துளியின் அளவை எடுப்பதுதான் சிரமம். பனித்துகள்களைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற அமெரிக்கர் வில்சன் பென்ட்லி, 1904-இல் ஓர் எளிய வழியைக் கையாண்டார். தட்டில் மெல்லிய மாவைப் பரப்பி, ஓரிரு வினாடி மழையில் காட்டினார். புட்டு மாவில் தண்ணீர் தெளித்தால் உருண்டை உருண்டையாகத் திரளுமே, அதேபோல ஒவ்வொரு துளியும் ஓர் உருண்டை ஆனது. உருண்டையின் அளவிலிருந்து துளியின் அளவைக் கணக்கிட்டார். 1943-இல் லாஸ், பார்சன்ஸ் என்ற இருவர் இதே மாவு முறையைச் செம்மைப்படுத்தித் தந்த அளவுகளின்மேல்தான், பின்னால் வந்த மழை ஆற்றல் சூத்திரங்கள் நிற்கின்றன.

மாவுக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்து. திச்சீனோ மாநிலத்தின் லொக்கார்னோவில், மலைச்சரிவில் இருந்த வானிலை ஆய்வகத்தில் யுர்க் யோஸ், ஆல்பர்ட் வால்ட்ஃபோகல் என்ற இருவர் 1967-இல் துளிமானி ஒன்றை வெளியிட்டார்கள். 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள நுரைக் கூம்பு ஒன்று மழையில் முகம் காட்டி நிற்கும். துளி விழுந்ததும் கூம்பு மயிரிழை அளவு கீழே இறங்கும். அதோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்துடிப்பை எழுப்பும். உடனே கூம்பு பழைய இடத்துக்குத் தள்ளப்படும். துடிப்பு எவ்வளவு பெரிதோ, துளி அவ்வளவு பெரிது. ஒவ்வோர் அடியையும் வாங்கிக் குறித்துக்கொள்ளும் ஒரு பறை என்றே இதைச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்தவர்களின் மனதில் மண் இல்லை. ராடாரில் தெரியும் மழையைச் சரியாகப் படிக்கத்தான் துளிகளை எண்ணினார்கள். பாசல் நகர நிறுவனம் ஒன்று தயாரித்த அந்தக் கருவி உலகின் பல மூலைகளுக்கும் போனது. மழையின் அடியை அளக்க விரும்பிய மண் ஆய்வாளர்களுக்கும் அதுவே கைகொடுத்தது. மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரே வேகத்தில் பெய்யும் இரு மழைகளில் துளிகளின் கலவை வேறாக இருக்கலாம், ஒரே மழையின் நடுவிலேயே சில நிமிடங்களில் அது சட்டென மாறலாம் என்பதையும் வால்ட்ஃபோகல் 1974-இல் காட்டினார்.

எல்லா ஊரிலும் துளிமானி வைக்க முடியாது. அதனால் மழையின் வேகத்திலிருந்து ஆற்றலை மதிப்பிடும் சூத்திரம் தேவைப்பட்டது. அமெரிக்க வேளாண் துறையின் விஷ்மையரும் ஸ்மித்தும் 1958-இல் அதைத் தந்தார்கள், பின்வந்தவர்கள் திருத்தினார்கள். சாரம் இதுதான்: மெல்லிய தூறலில் ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு ஹெக்டேர் நிலத்தின்மேல் ஏறக்குறைய 0.1 மெகாஜூல் ஆற்றலைக் கொட்டுகிறது. மழை வலுக்க வலுக்க அது ஏறி, 0.29-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. நிற்பதற்குக் காரணம் உண்டு. ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பெருத்த துளி காற்றிலேயே உடைந்துபோகும். அதற்குப் பிறகு மழை வலுத்தால் துளிகளின் எண்ணிக்கைதான் கூடும், துளி பெரிதாகாது. இதை லோசான் நகரத்து மழையில் போட்டுப் பார்ப்போம். 2018 ஜூன் 11 அன்று இரவு அங்கே 10 நிமிடத்தில் 41 மில்லிமீட்டர் கொட்டியது. சுவிட்சர்லாந்தில் பத்து நிமிட மழைக்கு அதுவே சாதனை அளவு. சூத்திரப்படி ஒரு ஹெக்டேரின்மேல் விழுந்த ஆற்றல் சுமார் 12 மெகாஜூல். ஒரு டன் எடையை 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை அது. நம் மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 3.3 யூனிட்.

இரண்டரை ஏக்கருக்கு மூன்று யூனிட்தானா, இதிலா மண் அழிந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆற்றலின் மொத்தத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம். ஆனால் அது எவ்வளவு இடத்தில், எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 5 மில்லிமீட்டர் துளி தரையைத் தொட்டு நசுங்கி முடிய அரை மில்லிவினாடி போதும். சுத்தியலின் அடி முழுவதும் ஆணியின் முனையில் இறங்குவதுபோல, அந்த அடி முழுவதும் மண்ணின் ஒரு சிறு பரப்பில் இறங்குகிறது. மண்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது மக்கின் பசையும் வேர்நாரும் பூஞ்சை இழையும்தான். அவை கல்லைக் கட்டும் சுண்ணாம்பு அல்ல. உடைந்த துகள்கள் அறுபது சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கும் தெறிக்க முடியும். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கம் தெறிப்பதைவிடப் பள்ளத்துப் பக்கம் தெறிப்பது அதிகத் தூரம் போகும். மேலே விழும் துகள்கள் மண்ணின் கண்களை அடைத்துவிடும். காய்ந்தபின் பொருக்குத் தட்டி நிற்கும் வயலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பொருக்கின்மேல் விழும் அடுத்த மழை உள்ளே இறங்காது, ஓடத்தான் செய்யும்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். தூறலுக்கும் கொட்டும் மழைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கான ஆற்றல் வித்தியாசம் மூன்று மடங்குதானே, அரிப்பு மட்டும் எப்படி எத்தனையோ மடங்கு கூடுகிறது? சரியான கேள்வி. விஷ்மையரும் இதையேதான் எதிர்கொண்டார். ஆற்றலை மட்டும் வைத்து மண் இழப்பைச் சொல்ல முயன்றால் கணக்கு சரியாக உட்காரவில்லை. மழையின் மொத்த ஆற்றலை, அந்த மழையிலேயே மிக வேகமான அரைமணி நேரத்தின் வேகத்தால் பெருக்கியபோது உட்கார்ந்தது. துளி மண்ணை உடைக்கும். உடைந்ததைக் கொண்டுபோக, மண் குடிப்பதைவிட வேகமாகத் தண்ணீர் வந்து சேர வேண்டும். அந்தப் பெருக்கல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. லோசானில் 10 நிமிடத்தில் பெய்த அதே 41 மில்லிமீட்டர், மணிக்கு 2 மில்லிமீட்டர் என்று இருபதரை மணி நேரம் தூறியிருந்தால் பெருக்குத்தொகை 8. லோசானில் கொட்டியபடி கணக்கிட்டால் ஏறக்குறைய 975. மழைமானியின் குடுவையில் இரண்டும் ஒன்று. மண்ணின் கணக்கில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த மழை உழுத வயலில் இறங்காமல் தார்ச்சாலையிலும் கூரையிலும் இறங்கியது மண்ணின் அதிர்ஷ்டம், நகரத்தின் துரதிர்ஷ்டம்.

இன்னொரு மறுப்பு பழையது, வலுவானதும்கூட. மண்ணை வயலைவிட்டு வெளியே கொண்டுபோவது ஓடும் தண்ணீர்தானே, துளியை ஏன் குற்றவாளி ஆக்குகிறீர்கள்? ஒரு சிறு கணக்குப் போடலாம். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விழும் மழையில் கால்பங்கு, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நிலத்தின்மேல் ஓடுவதாகக் கொள்வோம். விழும் மழையின் ஆற்றல், ஓடும் நீரின் ஆற்றலைப் போல 256 மடங்கு. கணக்கை நம்பாதவர்களுக்குச் சோதனையும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அன்றைய ரொடீசியாவில், நார்மன் ஹட்சன் 1950களில் இரண்டு பாத்திகளைக் களைகூட இல்லாத வெறும் மண்ணாக வைத்தார். ஒன்றின்மேல் மட்டும் கொசுவலைக் கம்பியை விரித்துக் கட்டினார். மழைநீர் முழுவதும் வலையைத் தாண்டி மண்ணுக்கு வந்தது. துளி மட்டும் வலையில் பட்டு நொறுங்கி, பொடிப்பொடியாக இறங்கியது. சரிவு, மண், மழை எல்லாம் ஒன்றே. பல ஆண்டுகள் அளந்ததில், வலையில்லாத பாத்தி இழந்த மண் மற்றதைப் போல நூறு மடங்குக்கும் அதிகம். ஓடும் நீர் ஒதுங்கி நிற்கவில்லை. வாய்க்காலாகத் திரண்டுவிட்டால் அதுவும் வெட்டித்தான் போடும். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது வண்டிக்காரன். மூட்டையை அவிழ்த்துச் சரக்கைக் கொட்டித் தருவது துளி.

ஆக, நாட்டின் எந்தப் பகுதியில் மழை எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று வரைபடம் போட முடியும். பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2012-இல் அதைச் செய்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு குறிக்கும் 71 தானியங்கி நிலையங்களின் பதிவுகள் கையில் இருந்தன. ஒவ்வொரு மழையின் ஆற்றலையும் உச்ச அரைமணி வேகத்தையும் பெருக்கி, ஆண்டுக்குக் கூட்டியதில் சுவிட்சர்லாந்தின் சராசரி 1,330 என்று வந்தது. (மெகாஜூல், மில்லிமீட்டர், ஹெக்டேர், மணி, ஆண்டு எல்லாம் சேர்ந்த அந்த அலகு நாக்கைச் சுளுக்கும், எண்ணை மட்டும் வைத்துக்கொள்வோம்.) ஐரோப்பாவுக்கு 2015-இல் போட்ட கணக்கில் சராசரி 722. ஆண்டு முழுவதற்குமான அடியில் ஐந்தில் மூன்று பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் விழுகிறது. மிகப் பலமான அடி, தெற்கே மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று மலையில் மோதும் திச்சீனோவில்.

வரைபடத்தைப் பார்த்ததும் திச்சீனோவில்தான் வயல்கள் அதிகம் கரைகின்றன என்று முடிவுகட்டினால் அது தவறாகும். அங்கே பாதி நிலம் காடு. உழுத வயல் சொற்பம். அடி இருக்கிறது, அதை வாங்க வெறும் மண் இல்லை. மழையின் ஆற்றல் எங்கே ஆபத்து வரலாம் என்று சொல்லும். ஆபத்து வருமா வராதா என்பதைச் சொல்வது, அந்த மாதத்தில் மண்ணின்மேல் என்ன கிடக்கிறது என்பது. இந்தக் கட்டுரை நிறுவ விரும்புவது இதைத்தான். மழையை அளப்பதன் பயன் மழையை நொந்துகொள்வதில் இல்லை. எந்த நாட்களில் மண் வெறும் மேலோடு நிற்கக்கூடாது என்று அறிவதில் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று பெர்ன் நகருக்கு வடமேற்கே உள்ள ஃப்ரீனிஸ்பெர்க் பகுதியில் கிடைக்கிறது. அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப்பைச் சேர்ந்த ஃபோல்கர் ப்ராசூன், 1997 முதல் அங்கே 203 வயல்களைத் தொடர்ந்து கவனித்தார். இது ஆய்வுக்கூடப் பாத்தி அல்ல. உழவர்கள் தங்கள் விருப்பப்படி கோதுமை, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் என்று பயிரிடும் நிலம். மழை விட்டதும் வயலில் இறங்கி, நீர் வெட்டிய ஓடுதடங்களின் நீளத்தையும் குறுக்களவையும் அளந்து, போன மண்ணைக் கணக்கிடுவது முறை. முதல் பத்தாண்டுகளில் சராசரி இழப்பு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு முக்கால் டன்னை ஒட்டி இருந்தது. போன மண்ணில் 88 விழுக்காடு கலப்பையால் புரட்டி உழுத நிலங்களிலிருந்து போனது. தாள்களையும் சருகையும் மேலே விட்டுவைத்து, மண்ணைப் புரட்டாமல் விதைத்த நிலங்களில் இழப்பு அற்பம். நம் இயற்கை வேளாண்மைக்காரர்கள் மூடாக்கு என்கிறார்களே, அதேதான். ஹட்சனின் கொசுவலை செய்த வேலையை இங்கே கோதுமைத் தாள் செய்தது. பிறகு பெர்ன் மாநிலம் மண்காப்புக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. புரட்டி உழாத முறைகளுக்குக் கூட்டரசும் உதவித்தொகை தந்தது. பலர் முறையை மாற்றினார்கள். இருபதாண்டு முடிவில் ப்ராசூன் வெளியிட்ட கணக்கின்படி, முதல் பத்தாண்டில் 0.74 டன்னாக இருந்த சராசரி இரண்டாம் பத்தாண்டில் 0.20 டன்னாக இறங்கியது. முதன்மையான காரணமாக அவர் சொல்வது உழவு முறை மாறியதை.

முக்கால் டன் என்ன பெரிய இழப்பா என்று கேட்கலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு டன் மண் என்பது 0.08 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. ஆனால் பாறை சிதைந்து புது மண் உருவாகும் வேகம் அதைவிட மெதுவாக இருக்கும் இடங்களே அதிகம். மேலும் சராசரி என்பது எதையும் இழக்காத நூறு வயல்களின் நிழலில், ஒரே மழையில் பல டன் இழந்த ஒரு வயலை மறைத்துவிடும். சுவிட்சர்லாந்தின் 1998-ஆம் ஆண்டு மண் மாசு விதிகள் இதற்கு எண்ணிலேயே வரம்பு வைத்திருக்கின்றன: வேர் இறங்கும் ஆழம் 70 சென்டிமீட்டருக்குக் குறைவான நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 டன், அதற்கு மேற்பட்ட நிலத்தில் 4 டன். 4 டன் என்பது நகத்தின் தடிமனைவிடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத ஓர் இழப்புக்கு எண் வைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். எண் இல்லாத இடத்தில் புலம்பல்தான் மிஞ்சும். புரட்டி உழாவிட்டால் களை மண்டும், களைக்கொல்லி தெளிக்க வேண்டிவரும் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அது உண்மையான சிக்கல். அதற்காகக் கலப்பைக்கே திரும்ப வேண்டியதில்லை. பயிர்ச்சுழற்சியில் ஓரிரு ஆண்டு புல் விதைப்பது அந்நாட்டில் பழைய வழக்கம். இரு பயிர்களுக்கு நடுவே பசுந்தழைப் பயிர் விதைப்பதும் நடக்கிறது. வயல் சும்மா கிடக்கும் வாரங்கள் குறைந்தாலே அடி வாங்கும் வாரங்களும் குறையும்.

மரம் நட்டால் போதும் என்ற நம் பழக்கமான தீர்வையும் இந்த ஆற்றல் கணக்கு சற்று உரசிப் பார்க்கிறது. இலையில் தங்கும் சிறு துளிகள் திரண்டு பெருந்துளியாகச் சொட்டும். எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அந்தத் துளி ஏறக்குறைய முழு வேகத்தையும் எட்டிவிடும். தேக்கின் அகன்ற இலைகளிலிருந்து சொட்டுவது, வெட்டவெளியில் விழும் மழையைவிடப் பலமாக அடிக்கலாம். தேக்கின் அடியில் சருகைக் கூட்டி எரித்துவிட்டால் மரம் இருந்தும் மண் போகும். காப்பது உயரத்தில் இருக்கும் குடை அல்ல. தரையோடு ஒட்டிக் கிடக்கும் போர்வை.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. ஆல்ப்ஸ் மலையின் ஊர்செரன் பள்ளத்தாக்கில், மண்ணில் படிந்த சீசியம்-137 என்ற கதிரியக்க ஐசோடோப்பை வைத்துப் பாசல் ஆய்வாளர்கள் மண் இழப்பை அளந்தார்கள். மழைக் கணக்கு சொன்னதைவிட அதிகம் போயிருந்தது. குளிர்காலத்தில் புல்சரிவின்மேல் மெல்ல வழுக்கி இறங்கும் பனிப்போர்வை, மண்ணையும் உராய்ந்துகொண்டு போவது இதற்கு ஒரு காரணம். ஆலங்கட்டியும் இந்தச் சூத்திரத்தில் அடங்காது. அதற்காகவே 2018 முதல் அங்கே 80 தானியங்கி ஆலங்கட்டி உணரிகள் நிறுவப்பட்டன. கட்டி வந்து மோதும் அதிர்விலிருந்து அதன் ஆற்றலைக் குறிக்கும் வட்டத் தட்டுகள் அவை. லொக்கார்னோவின் நுரைக் கூம்புக்குப் பேரப்பிள்ளை எனலாம். 1901-க்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் கனமழையின் வேகம் 12 விழுக்காடு கூடியிருப்பதாக 2018-இன் தேசியப் பருவநிலை அறிக்கை சொல்கிறது. வேகம் கூடினால் பெருக்கலின் இரண்டு பக்கமும் கூடும். அங்கே உழவு மாறியது காலத்தோடு நடந்த காரியம்.

இந்தியாவில் மழையின் அரிக்கும் திறனுக்கு வழங்கிவரும் சமன்பாடு, டேராடூன் ஆய்வாளர்கள் 1970களில் தந்தது. ஆண்டு மழையளவை ஓர் எண்ணால் பெருக்கி, இன்னோர் எண்ணைக் கூட்டினால் விடை வந்துவிடும். நிமிடக் கணக்கு கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் அதன் கண்ணில் தூறிய நூறு மில்லிமீட்டரும் கொட்டிய நூறு மில்லிமீட்டரும் ஒன்றே. ஊட்டியில் 1954 முதல் மண்காப்பு ஆய்வு மையம் இருக்கிறது. சுற்றிலும் உருளைக்கிழங்கும் காரட்டும் சரிவில் பயிராகின்றன. அறுவடை முடிந்த வயல் பருவமழைக்கு முன்னால் வெறும் மேலோடு நிற்பதும் நடக்கிறது. தானியங்கி மழைமானிகள் இன்று நம் மாவட்டங்களிலும் உண்டு; அவை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு அனுப்புகின்றன. அந்தப் பதிவுகளை ஆய்வாளர்களும் உழவர்களும் பார்க்கும்படி திறந்துவைத்து, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மாதவாரியாக அடிக்கணக்கு போட வேண்டும். அதுவரை, மாலைச் செய்தியில் நேற்று இத்தனை சென்டிமீட்டர் மழை என்று வாசிப்பவர்கள், அது எத்தனை நிமிடத்தில் பெய்தது என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.